நெட்டூசி காவல் காத்த காய்

ஆற்றோரக் காட்டில் ஓர் அத்திமரம். அதன் அடிக்கிளையில் நெட்டூசி என்ற குளவி வந்து உட்கார்ந்தபோது அதற்கு மூச்சு வாங்கியது. பாவம், அதன் ஆயுளே சொற்பம். அதிலும் பாதி பறந்தே கழிந்திருந்தது. வயிற்றிலிருக்கும் முட்டைகளைப் பத்திரமாக ஓரிடத்தில் சேர்த்துவிட்டுக் கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது.

நெட்டூசிக்கு வால் ஊசிபோல நீளம். காய்க்கு வெளியே நின்றபடியே ஊசியை இறக்கி முட்டை வைத்துவிடும். சின்னக் குளவிகளுக்கு அந்த வசதி இல்லை. அவை மகரந்தத்தைச் சுமந்து வந்து, காயின் நுனியிலுள்ள துளை வழியே இறக்கை பிய்ந்துபோக நுழையும். உள்ளிருக்கும் பூக்களுக்கு மகரந்தம் தூவி, முட்டையிட்டு, அங்கேயே செத்தும் போகும். பிழைக்கத் தெரியாத ஜென்மங்கள் என்பது நெட்டூசியின் எண்ணம்.

எந்தச் சின்னக் குளவியும் நுழையாத காயாகப் பார்த்துப் பிடித்தது. பிள்ளைகளுக்கு இட நெருக்கடி கூடாதல்லவா? முட்டைகள் அத்தனையையும் அதிலேயே இறக்கியது.

அப்போது பொட்டு என்ற சின்னக் குளவி மகரந்தச் சுமையோடு தள்ளாடி வந்தது.

"அக்கா, இந்தக் காய்க்குள்ள போயிக்கிறேன். இதுக்கு மேல பறக்க முடியலை."

"இது என் பிள்ளைங்க வீடு. வேற காயைப் பாரு."

உள்ளே இடம் நிறைய இருக்கிறது, ஓர் ஓரம் போதும் என்று பொட்டு கெஞ்சிப் பார்த்தது. நெட்டூசி துளையை மறித்து நின்றுகொண்டது. சண்டை போடப் பொட்டுவுக்குத் தெம்பில்லை. பக்கத்துக் காய்க்குப் போய், இறக்கைகளை வாசலில் உதிர்த்துவிட்டு உள்ளே புகுந்தது.

பொழுது விடிந்து பார்த்தால், நெட்டூசி காவல் காத்த காய் வெளுத்துக் கிடந்தது. காம்பு தளர்ந்து ஆடியது. நெட்டூசி பதறிப்போய் மரத்திடம் கெஞ்சியது.

"கொஞ்ச நாள் தாங்கிக்கோ, தாயே. என் பிள்ளைங்க உள்ள இருக்குதுங்க."

மரத்தின் குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது.

"மகரந்தம் சேர்ந்த காய்க்குத்தான் என்னால பால் குடுக்க முடியும். வெதை பிடிக்காத காயை எவ்வளவு நாள்தான் சுமப்பேன்? எனக்கும் முடியலைம்மா. அந்தச் சின்னதை நீ உள்ள விட்டிருக்கலாம்."

காய் உதிர்ந்தது. நெட்டூசியும் கூடவே தரைக்கு இறங்கி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. இனி வைக்க வயிற்றில் ஒரு முட்டைகூட இல்லை. மேலே, பொட்டு நுழைந்த காய் பச்சைப்பசேலென்று கிளையில் இருந்தது.

அடுத்தவர் உழைப்பால் நிற்கும் வீட்டில் அவருக்கே கதவடைத்தால், தெருவுக்கு வருவது நம் பிள்ளைகள்தான்.