வைக்கோல் போலீஸ்காரர்

பள்ளிக்கூடத்து வாசலில் வேகத்தடை வேண்டுமென்று கேட்டுக் கேட்டு ஆயா பவுனம்மாளுக்கு அலுத்துப்போயிற்று. நேற்றுகூட ஒரு பிள்ளையை லாரி உரசிக்கொண்டு போனது.

"வேகத்தடை போட்டா என் கார் அடி தட்டும். அது இல்லாமலே வண்டிங்களை மெதுவாப் போக வையேன், பார்ப்போம்!" என்று விரட்டினார் நகராட்சித் தலைவர் குலசேகரன்.

மறுநாள் காலை, பள்ளி வாசலில் காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்டு ஒரு வைக்கோல் பொம்மை நின்றது. தூரத்தில் பார்த்ததுமே வண்டிகளெல்லாம் ஊர்ந்தன. பிள்ளைகள் பயமில்லாமல் சாலையைக் கடந்தார்கள்.

தலைவர் ஓட்டிவந்த கார் சடாரென்று நின்றது. அவசரமாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டி, கண்ணாடியை இறக்கி, "நான் சேர்மன்ப்பா!" என்றார் பொம்மையிடம்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வைக்கோலுக்கு நிக்கிறீங்க, புள்ளைங்களுக்கு நிக்க மாட்டீங்களாய்யா?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

அந்த வாரமே வேகத்தடை போட்டார்கள்.