ஏணிக்கு எழுபது, குடைக்கு எழுபது

ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. அதற்குள்ளேயே சிவயோகம் அம்மையாரின் ஆச்சிரமத்துச் சமையலறை இரண்டுபட்டுவிட்டது. காய் நறுக்குகிறவர்கள் ஏணிச் சின்னக்காரர் வெல்வார் என்றார்கள். தேங்காய் துருவுகிறவர்கள் குடைச் சின்னக்காரர்தான் என்றார்கள். ஒரு பத்திரிகையின் கருத்துக் கணிப்பு ஏணியை ஒரு புள்ளி முன்னே தள்ளினால், மறுநாள் இன்னொரு பத்திரிகை குடையை ஒரு புள்ளி முன்னே தள்ளியது. வாக்குவாதத்தில் பருப்பு அடிக்கடி அடிப்பிடித்தது.

எந்தப் பக்கமும் சேராமல் இருந்தவன் வாகீசன் ஒருவன்தான். தலைநகரில் ஒரு பத்திரிகைக்குக் கருத்துக் கணிப்பு எடுத்துக் கொடுத்தவன் அவன். நாற்பது வயதில் அந்த வேலையை விட்டு, தன்னைவிட ஆறு வயது இளையவரான அம்மையாரிடம் சீடனாக வந்து சேர்ந்தான்.

"எனக்குப் பக்கம் கிடையாது. நான் தராசு," என்பான்.

"தராசு சாப்பிட்ட தட்டைத் தராசுதான் கழுவவேணும்," என்பான் அவனோடு இருந்த சீடன் பொன்னுத்துரை.

அப்போதுதான் அந்தப் பழைய பத்திரிகையின் ஆசிரியரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஆச்சிரமத்துக்குப் பக்கத்து ஊர் புளியங்குடா. சென்ற தேர்தல்களில் அந்த ஊர் யாருக்குப் போட்டதோ அவரே நாட்டிலும் வென்றிருந்தார். "அங்க ஒரு கணிப்பு எடுத்துத் தா, வாகீசன். உன்ர பேரோட போடுறன்," என்றார் ஆசிரியர்.

வாகீசன் அம்மையாரிடம் போய் நின்றான்.

"போய்க் கேளும்," என்றார் அம்மையார். "கேட்பது நல்லதுதானே."

வீடு வீடாகப் போனான். நூறு பேரைக் கேட்டான். புளியங்குடாவில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால் தேத்தண்ணீர் குடிக்காமல் வெளியே வர முடியாது. எல்லாவற்றையும் குடித்தான். நூறில் எழுபது பேர் ஏணி என்றார்கள். பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. கீழே அவன் பெயர். வாகீசன் அதைப் பார்க்காதவன் போல மடித்துத் தலையணைக்கடியில் வைத்தான்.

அடுத்த கிழமை போட்டிப் பத்திரிகையிலிருந்து ரெஜினா என்ற பெண் அதே ஊருக்கு வந்தாள். அவளும் நூறு பேரைக் கேட்டாள். எழுபது பேர் குடை என்றார்கள். அதுவும் முதல் பக்கத்தில் வந்தது.

ஆச்சிரமத்துச் சந்திக் கடையில் வாகீசன் சீனி வாங்கப் போனபோது பேச்சு நின்றது. பிறகு ஒருவர் கேட்டார்.

"தம்பி, தராசை எந்த மரத்துக்குக் கீழ வச்சு நிறுத்தனீங்கள்?"

கடையே சிரித்தது.

திரும்பி வந்தபோது ஆசிரியரின் அழைப்பு காத்திருந்தது. குரலில் பழைய நட்பு இல்லை.

"உங்கள் ரெண்டு பேரில ஒருத்தர் ஒரு வீட்டுப் படியும் மிதிக்காமல் எழுதியிருக்கிறியள். நாளைக்கு நான் விளக்கம் போடவேணும். இண்டைக்குப் பின்னேரம் திரும்ப எடுப்பன். நீ சரியான பதில் சொல்லாட்டி, உன்ர கணிப்புப் பொய் எண்டு மன்னிப்புக் கேட்டுப் போட்டுவிடுவன்."

வாகீசன் அம்மையாரைத் தேடிப் போனான். வேலையை விட்டபோதும் அவன் நல்ல பெயரோடுதான் விட்டு வந்தான். அவன் கொண்டுவந்த ஒரே சொத்து அது.

அம்மையார் கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் பெண் பொய்யாக எழுதியிருக்கிறாள்."

"பார்த்தீரா?"

"இல்லை. ஆனால் நான் பொய் எழுதவில்லை."

"அது எனக்குத் தெரியும்."

"அப்படியானால் ஊர் பொய் சொல்லியிருக்கிறதா?"

அம்மையார் வாளியைக் கவிழ்த்து வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"மிளகாய் அரைக்கவேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு வாரும்," என்றார்.

புளியங்குடாவில் மில் வைத்திருப்பவள் இராசமலர். பெரிய குரல், பெரிய சிரிப்பு. அம்மையாரைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"வாங்கோ அம்மா! தம்பி, நீங்களும் வாங்கோ! இஞ்ச பாருங்கோ."

சுவரில் வாகீசனின் செய்தி வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. பக்கத்திலேயே ரெஜினாவின் செய்தி. இரண்டுக்கும் பொட்டு வைத்திருந்தாள்.

"எங்கட ஊர்ப் பேர் ரெண்டு பேப்பரில! அதுவும் முதல் பக்கத்தில! பக்கத்து ஊர்க்காரருக்குக் காய்ச்சல் வந்திட்டுது."

அம்மையார் மர வாங்கில் அமர்ந்தார். "இராசமலர், இவர் வந்து கேட்டபோது என்ன சொன்னீர்கள்?"

"ஏணி."

"ரெஜினா கேட்டபோது?"

"குடை."

அவள் முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. வாகீசன் பையைக் கீழே போட்டான்.

"அக்கா! என்னட்ட ஏன் ஏணி எண்டு சொன்னனீங்கள்?"

"நீங்கள் ஏணிதானே தம்பி?"

"நானா? எனக்கு ஒரு பக்கமும் கிடையாது!"

இராசமலர் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, ஓலைக் கடகத்தில் மல்லியோடு காத்திருந்த பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியே பூமணி? இந்தத் தம்பிக்கு ஒரு பக்கமும் இல்லையாம்!"

பூமணி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். மிளகாய் நெடியில் சிரிப்பு தும்மலாகி, மறுபடி சிரிப்பானது.

"கோவிக்காதேங்கோ தம்பி," என்றாள் மூச்சு வாங்கியபடி. "எங்கட வீட்டுக்கு வந்தனீங்கள்தானே? நான் குடை எண்டு தொடங்கினனான். நீங்கள் பேனையை மூடிப் போட்டுத் தேத்தண்ணியைக் கையில எடுத்திட்டீங்கள். முகம் விழுந்து போச்சு. எனக்கு ஐயோ எண்டிருந்துது. இல்லைத் தம்பி, ஏணிதான் எண்டன். பேனை திறந்துது."

"நான் பேனையை மூடினனானா?"

"மூடினனீங்கள்."

"கேள்வியை வாசிக்கேக்கையும் அப்பிடித்தான்," என்றாள் இராசமலர். "ஏணி எண்டு சொல்லேக்க கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுற மாதிரி. குடை எண்டு சொல்லேக்க கசாயம் குடிக்கிற மாதிரி. அந்தப் பிள்ளை ரெஜினா மற்றப் பக்கம். ஏணி எண்டால் அவளுக்குப் புருவம் மேல போயிடும். நல்ல பிள்ளை. அவளும் எல்லா வீட்டிலயும் தேத்தண்ணி குடிச்சவள்."

"அதுக்காக ரெண்டு பேருக்கும் ரெண்டு பதில் சொல்லுறதே?"

இராசமலரின் சிரிப்பு நின்றது.

"தம்பி, வெயிலுக்க நடந்து வந்து எங்கட படலையைத் திறக்கிறீங்கள். இந்த ஊரில ஒரு வீட்டிலயாவது முகம் வாடித் திரும்பிப் போனனீங்களே?"

வாகீசன் யோசித்தான். "இல்லை," என்றான்.

"இல்லைத்தானே. அதுதான் புளியங்குடா."

"சரி அக்கா. இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. ஆருக்குப் போடப் போறீங்கள்?"

பூமணி கடகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். இராசமலர் நிமிர்ந்தாள். அந்த மில்லுக்குள் அவள் இன்னும் ஒரு முழம் உயர்ந்தது போலிருந்தது.

"எங்கட வீட்டுக்காரர்தான் ஏணிக் கட்சிக்கு இந்த ஊர்ப் பொறுப்பாளர். ஒரே பாயில படுக்கிற மனுசன். அவருக்கே இண்டைக்கு வரைக்கும் சொன்னதில்லை. கேளுங்கோ தம்பி, இந்த மில் அவற்ர பேரில. வீடு என்ர தமையன்ர பேரில. அந்த வாக்குப் பெட்டிக்க போடுற ஒரு புள்ளடி மட்டும்தான் முழுக்க என்ர. அதைத் தேத்தண்ணியோட வச்சுக் குடுப்பனே?"

அவள் இயந்திரத்தைப் போட்டாள். மிளகாய் அரைபட்டது. அதற்கு மேல் யாரும் பேச முடியவில்லை.

திரும்பும் வழியில் வாகீசன் பையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான். குளக்கட்டில் ஏறியதும் நின்றான்.

"அம்மா, ஏணி அறுபது தாண்டியபோது எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. வேலை சரியாக நடக்கிறது என்ற சந்தோசம் என்றுதான் நினைத்தேன்."

அம்மையார் நடந்துகொண்டே இருந்தார். அவன் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான்.

"அவர்களுக்கு என்மேல் கோபமே இல்லை, அம்மா. பொட்டு வைத்திருக்கிறார்கள்."

"பார்த்தேன்."

ஆச்சிரமத்துப் படலையடியில் பொன்னுத்துரை தொலைபேசியை நீட்டியபடி நின்றான். "உம்மடை ஆசிரியர். மூண்டாந்தரம் எடுக்கிறார்."

வாகீசன் அதைக் கையில் வாங்கினான். காதில் வைக்கவில்லை. உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"அம்மா, நூறு வீட்டுப் படியும் மிதித்தேன் என்றால் இவர் நம்பமாட்டார். என் கணிப்புப் பொய் என்றும் என்னால் சொல்ல முடியாது. நான் என்ன சொல்லட்டும்?"

"ஏணி என்ற எழுபது பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று சொல்லும்."

"எதைப் பற்றி அம்மா?"

அம்மையார் அவன் தோளிலிருந்து மிளகாய்ப் பையை வாங்கிக்கொண்டார்.

"உம்மைப் பற்றி."