காகம் ஒற்றியெடுத்த வெளிச்சம்

அந்தக் காலத்தில் வானம் இவ்வளவு உயரத்தில் இல்லை. கடற்கரையில் இருக்கிற பெரிய மணல்மேட்டின் உச்சியில் நின்று கையை நீட்டினால் விரலுக்கு எட்டும். பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். சண்டையும் அதிலேயே போட்டுக்கொண்டார்கள். ராத்திரி பெய்கிற பனி வானத்தின் நிறத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். விடிந்ததும் புதிதாகப் பூச வேண்டும். அந்த வேலை மீன்கொத்தியிடம் இருந்தது.

மீன்கொத்திக்குத் தெரிந்த நிறம் ஒன்றே ஒன்று. அவுரி இலையை ஊறப்போட்டு எடுத்த நீலம். வெயிலென்றாலும் நீலம், மழையென்றாலும் நீலம். யாராவது கேட்டால், "நல்லாத்தானே இருக்கு?" என்று அலகைத் துடைத்துக்கொள்ளும். நல்லாத்தான் இருந்தது. ஆனால் புயல் வருவது ஒருவருக்கும் தெரியாது. பளிச்சென்று இருக்கிறதே என்று நம்பிக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனவர்கள், அதே பளிச்சென்ற வானத்தின் கீழே மூழ்கிப்போனார்கள்.

சடைச்சியின் அண்ணன்மார் இரண்டு பேரும் அப்படிப் போனவர்கள்தான். அவளுக்கு என்று மிச்சமிருந்தது புருஷன் இருளப்பன் மட்டும். அவனும் விடிந்தால் கடலுக்குப் போகிறவன். ஒருநாள் அவள் நேரே மணல்மேட்டுக்கு ஏறிப் போய் மீன்கொத்தியின் முன்னால் நின்றாள்.

"புயல் வார அன்னைக்கு மட்டும் வேற நிறம் பூசக்கூடாதா? பாத்துட்டாவது திரும்பி வருவாவல்லா?"

"எனக்குத் தெரிஞ்சது நீலம்," என்றது மீன்கொத்தி. "ஒனக்கு வேணும்னா நீயே பூசிக்கோ, ஏளா. வானத்துல அந்த மூலையில பழகு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சொல்லமாட்டேன் என்றதே தவிர, சொல்லாமல் இருக்கவில்லை. அது கிடக்கட்டும்.

சடைச்சி பனைமட்டையின் நுனியை நசுக்கி நார் நாராக்கித் தூரிகை செய்தாள். அடுப்புக்கரியைக் குழைத்துக் காய்ந்த வானத்தில் அப்பினாள். விளிம்பெல்லாம் அரிவாளால் வெட்டியதுபோல் நின்றது. யாரோ மலையைக் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாரைக் கூட்டம் பயந்து சுற்றிக்கொண்டு போயிற்று. மறுநாள் அந்த விளிம்பை மழுக்கப் பார்த்தாள். தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க எல்லாம் சேறாகிப்போனது. பொழுது சாய்ந்துவிட்டதென்று ஊர்க் கோழிகள் நடுப்பகலில் கூட்டுக்குள் போய் அடைந்துகொண்டன. சடைச்சிக்கு அழுகை வந்தது.

இதையெல்லாம் பக்கத்துப் பனைமரத்திலிருந்து காகம் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைய காகம் வெள்ளை. சங்கின் உள்பக்கம் எப்படியிருக்கும், அப்படி ஒரு வெள்ளை. அது அதற்கே நன்றாகத் தெரியும். நாளுக்கு மூன்று தடவை குளிக்கும். தூறல் விழுந்தால் ஓலைக்கு அடியில் ஒதுங்கிவிடும்.

"நீ அதச் சும்மா விடேன்டி," என்றது காகம். "நோண்டிக்கிட்டே இருந்தா எது உருப்படும்?"

கேலியாகத்தான் சொன்னது. ஆனால் சடைச்சி யோசித்தாள். மறுநாள் பனி உலர்வதற்கு முன்பே வந்து, ஈரமாயிருந்த வானத்தில் ஒரு சொட்டு நிறத்தை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்தச் சொட்டு தானாகக் கரைந்து, தானாகப் பரவி, நுனி எங்கே முடிகிறதென்று தெரியாத மேகமாக நின்றது. கரி கூட வேண்டியிருக்கவில்லை. அவுரி நீலத்தில் ஒரு விரல் காவிமண்ணைக் கலந்தால் போதும், மழைக்குரிய சாம்பல் நிறம் வந்துவிடுகிறது. அவள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது நிறத்தை வைப்பதை அல்ல, வைத்தபிறகு தொடாமல் இருப்பதை.

ஐப்பசியில் ஒருநாள் நண்டுகள் வளையை மண்ணால் அடைத்துக்கொண்டன. கிழக்கேயிருந்து கொண்டல் காற்று ஒருமாதிரி வாசத்தோடு வந்தது. புயல்தான் என்று சடைச்சிக்குத் தெரிந்துவிட்டது. இருளப்பனும் எட்டுப் பேரும் விடியுமுன்னே போய்விட்டார்கள். மேலே வானம் பளபளவென்று நீலமாக இருந்தது.

அவள் ஓடினாள். மணல்மேட்டில் ஏறி, குடம் குடமாகக் கடல்நீரை இறைத்து வானம் முழுவதையும் நனைத்தாள். கலந்து வைத்திருந்த சாம்பலைத் தோய்த்து மேல்பக்கத்தில் வைத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தொடவில்லை. நிறம் இறங்கியது, விரிந்தது, ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு கறுத்தது. அவள் இதுவரை போட்டதிலேயே அதுதான் நிஜமான புயல் மேகம். தூரத்தில் கட்டுமரங்கள் திரும்புவது தெரிந்தது.

"பாத்துட்டாவ!" என்று கத்தினாள். "திரும்பிட்டாவ!"

அப்போதுதான் அவள் செய்த தப்பு அவளுக்கே தெரிந்தது. ஈரம் எதுவரை இருக்கிறதோ அதுவரை நிறம் ஓடும். அவசரத்தில் அடிவானம் வரைக்கும் நனைத்துவிட்டாள். நிறம் ஓடிக்கொண்டே இருந்தது. கரையை மூடியது, பனங்காட்டை மூடியது. எங்கும் ஒரே இருட்டு. கட்டுமரங்கள் கரை எந்தப் பக்கமென்று தெரியாமல் ஒன்று வடக்கேயும் ஒன்று தெற்கேயுமாக அலைந்தன.

"வெள்ளை குடு!" என்று மீன்கொத்தியிடம் ஓடினாள். "கரைக்கு மேல ஒரு கோடு போட்டா போதும்."

"வெள்ளைன்னு ஒரு சாயம் ஏது?" என்றது மீன்கொத்தி. "பூசாம விட்ட எடம்தான் வெள்ளை. நீதான் ஒண்ணையும் விடலியே." அவள் முகத்தைப் பார்த்தபிறகு அதன் குரல் இறங்கியது. "ஈரம் காயுமுன்ன ஒலந்த எதையாவது வச்சு ஒத்தி எடு. தேய்க்காத. ஒத்தணும்."

சடைச்சி சேலைத் தலைப்பைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கூந்தலும் அப்படியே. மணலும் அவள் கொட்டிய தண்ணீரில் குழைந்து கிடந்தது. அந்த மேட்டில் உலர்ந்தது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஓலைக்கு அடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

அவளால் கேட்க முடியவில்லை. பார்த்தபடி நின்றாள்.

"என்னட்டி அப்படிப் பாக்க?" என்றது காகம். பிறகு அதற்கே புரிந்துவிட்டது. கடலைப் பார்த்தது. தன் இறக்கையைப் பார்த்தது.

"பெறவு கழுவுனா போயிருமா?"

"போயிரும்னு சொல்லு, ஏளா," என்று மீன்கொத்தி அவள் காதருகே பறந்து வந்து சொன்னது. "ஒன் புருஷன் அங்க கெடக்கான்."

போய்விடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருளப்பனின் கட்டுமரம் ஒரு அலையில் மறைந்து மறுபடி தெரிந்தது.

"போவாது," என்றாள். "அவுரியும் காவியும் சேந்து ஏறிச்சுன்னா சாவுற வரைக்கும் போவாது. என் விரலப் பாரு."

காகம் அவள் விரல்களைப் பார்த்தது. நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது.

"நீ பொய் சொல்லியிருந்தா நான் போயிருக்கமாட்டேன்," என்றது. பறந்து போய்ப் பனங்காட்டுக்கு மேலே ஈர வானத்தில் நெஞ்சை வைத்து அழுத்தியது. தேய்க்கவில்லை. ஒற்றி எடுத்தது. பிறகு முதுகு, பிறகு இடது இறக்கை, வலது இறக்கை, வால். உலர்ந்த இறகு ஒவ்வொன்றும் நிறத்தைக் குடித்தது. அது ஒற்றிய இடமெல்லாம் வெளுத்து, கரையின் மேலே ஒரு நீளமான வெளிச்சக் கீற்று திறந்தது. அந்த வெளிச்சத்தில் பனைகளின் தலைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

கழுத்தை மட்டும் அது வெளியே நீட்டி வைத்திருந்தது. கட்டுமரங்களைப் பார்க்க வேண்டுமே. பார்த்துப் பார்த்து, "கரை! கரை!" என்று தொண்டை கிழியக் கத்தியது. கழுத்தில் நிறத்தின் சாரல் மட்டும் பட்டதால் அது கறுக்காமல் சாம்பலோடு நின்றுவிட்டது. குரல்தான் உடைந்துபோயிற்று.

முதல் கட்டுமரம் அந்தக் கீற்றைப் பிடித்துத் திரும்பியது. காகம் அங்கிருந்து இறங்கி ஊருக்குள் பறந்தது. கடலுக்குப் போன ஒன்பது பேர் வீட்டுக் கூரையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து கத்தியது. முதல் வீட்டுக்காரி கல்லை எடுத்தாள், இது என்ன புதுசாய் ஒரு கருப்புச் சனியன் என்று. சடைச்சி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எறிஞ்சிராத. ஒங்க வீட்டு ஆளு வாராவன்னு சொல்லுது."

ஒன்பது பேரும் வந்தார்கள். இருளப்பன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். சடைச்சி வட்டிலில் சோற்றைப் போட்டுவிட்டு, அவன் கை வைக்கும் முன்னே அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் திரும்பி வரும்வரை அவன் சாப்பிடாமல் இருந்தான்.

காகம் மூன்று நாள் விடாமல் குளித்துப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது. இப்போதெல்லாம் தலையை முக்கி எடுப்பதோடு சரி. அதைக் காக்காக் குளியல் என்று கேலி செய்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. வானமும் நாளாக ஆக எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் எவ்வளவு பெரிய புயல் மூட்டமானாலும் அடிவானத்தில் ஒரு வெளிச்சக் கீற்று விட்டே கறுக்கிறது. படம் எழுதப் பழகுகிறவர்களும் வானத்தை நனைக்கும்போது அந்த இடத்தை நனைக்காமல் விடுகிறார்கள்.

அன்று முதல்தான் காகம் கரைந்தால், யார் வருகிறார்கள் என்று தெரியாமலேயே உலையில் இன்னொரு பிடி அரிசியைச் சேர்த்துப் போடுகிறோம்.