உச்சிவெயிலுக்குப் பயந்த முயல்

கரட்டுக் காட்டில் மழை பொய்த்தது. புல் கருகியது. போதாததற்கு வேட்டை நாய்களும் வந்து சேர்ந்தன. மருதி என்ற முயல் தன் ஒரே குட்டியைக் கூட்டிக்கொண்டு மலைக்காட்டுக்குக் குடிவந்தாள்.

மலையில் புல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மார்கழி பிறந்ததும் குளிர் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வளையை விட்டு வெளியே வந்தால் மூடுபனி, இருட்டு, காதை அறுக்கும் காற்று. குட்டி வெடவெடவென்று நடுங்கியது. இரண்டு வாய் கடிப்பதற்குள் உள்ளே ஓடிவிடும். நாளுக்கு நாள் அதன் விலா எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. 

"இந்த மலையிலே சூரியனே கிடையாது!" என்று மருதி பக்கத்துப் புதர்க் காட்டுக்கோழியிடம் புலம்பினாள்.

"கிடையாதா! எப்ப வந்து பார்த்தே அக்கா?"

"தினமும்தான்! பொழுது சாய்ஞ்சதும் வந்து பார்க்கிறேனே!"

காட்டுக்கோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பதில் சொல்வதற்குள் மருதி குளிர் தாங்காமல் வளைக்குள் பாய்ந்துவிட்டாள்.

பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கரட்டுக் காட்டில் உச்சிவெயில் ஆளைக் கொல்லும். பகலெல்லாம் தூங்கிவிட்டு அந்தியில் எழுந்தே பழகியவள். மலைக்கு வந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் கீழே இறங்கிடலாம். நாய் துரத்தினாலும் பரவாயில்லை. இங்கே இருந்தா நீ பிழைக்க மாட்டே!" என்று குட்டியை அணைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் தூக்கத்தில் பக்கத்தைத் தடவினாள். குட்டியைக் காணோம்! வளை வாசலில் பளிச்சென்று வெளிச்சம். உச்சிப்பொழுது!

"ஐயோ, என் குட்டி வெந்து போயிருக்குமே!" என்று அலறியபடி வெளியே ஓடினாள்.

மூடுபனி கலைந்திருந்தது. பாறைமேல் ஒரு காட்டெருமை கண்ணை மூடிப் படுத்திருந்தது. அதன்மேல் நாலு மந்திகள் சாய்ந்திருந்தன. அவற்றின் நடுவில் மல்லாந்து கிடந்தது அவளுடைய குட்டி!

"உள்ளே வாடா! வெயில் சுட்டுடும்!"

"சுடலேம்மா! இதமா இருக்கு!"

இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்த காட்டுக்கோழி கத்தியது. "ஏன் அக்கா அலர்றே? இந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தானே நாங்க நாளெல்லாம் காத்துக் கிடக்கிறோம்! குளிர் இல்லேன்னா வெயில் இப்படி ருசிக்குமா?"

மருதி பயந்து பயந்து ஒரு காலைப் பாறைமேல் வைத்தாள். சுடவில்லை. இன்னொரு காலையும் வைத்தாள். பிறகு அவளும் மல்லாந்துவிட்டாள்!

அன்று குட்டி வயிறு புடைக்க மேய்ந்தது. வெயில் ஏறிய உடம்போடு இருவரும் வளைக்குள் ஒண்டிக்கொண்டபோது, வெளியே ஊதிய காற்று தாலாட்டாகக் கேட்டது. கீழே இறங்கும் பேச்சை மருதி எடுக்கவே இல்லை. மாசியில் பனி குறைந்தபோது, "அதுக்குள்ளே குளிர் முடிஞ்சிடுச்சா!" என்று அவள்தான் முதலில் வருத்தப்பட்டாள்.

புது ஊருக்குப் போயும் பழைய ஊரின் பயத்தோடு வாழ்பவருக்கு, அந்த ஊரின் சுகம் வாசலில் வந்து நின்றாலும் தெரியாது.