பாதியாக வெட்டிய தொலைநோக்கி

ஒரு மலைக்காட்டில் மொச்சை என்றொரு முயல் இருந்தது. நிலவில் தெரியும் முயல் தன் கூடப்பிறந்த தம்பி என்பது அதன் அசைக்க முடியாத நம்பிக்கை. "அங்கே ஒரு புல்லைக்கூடக் காணோமே! பிள்ளை சாப்பிட்டானோ, இல்லையோ!" என்று நினைத்து நினைத்து அதற்கே புல் இறங்கவில்லை.

கடைசியில் ஒரு தொலைநோக்கி செய்வதென்று முடிவானது. கரடி மரக்குழல் குடைந்தது. நீர்நாய் பளிங்குக் கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி செய்தது. தூக்கணாங்குருவி கண்ணாடியில் பனி படாமலிருக்க ஒரு மறைப்பு பின்னியது. அதை மூடுபனிக்கு மேலே தூக்கிப்போய்ப் பார்த்துச் சொல்வது கழுகின் பொறுப்பு. மொச்சைதான் தலைவி.

வேலை அருமையாக நடந்தது. பிறகுதான் எல்லோருக்கும் புதுப்புது யோசனைகள் முளைத்தன.

"பார்க்கிறவருக்குப் பசிக்குமே! ஒரு தேன் பானை வைக்கட்டுமா?" என்றது கரடி.

"தாகம் எடுக்குமே! ஒரு தண்ணீர்த் தொட்டி?" என்றது நீர்நாய்.

"தூக்கம் வருமே! மூணு அடுக்குக் கூடு!" என்றது குருவி.

வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடிவிடுமே! அதைத் தாங்கும் மனசு மொச்சைக்குக் கிடையாது. "பேஷ்! வெச்சுடுங்க!" என்றது.

பௌர்ணமியன்று மாலை கழுகு வந்து தூக்கிப் பார்த்தது. முக்கியது, முனகியது. குழல் இம்மியும் நகரவில்லை.

"இது தொலைநோக்கியா, கல்யாணச் சீர்வரிசையா? பானை, தொட்டி, கூடு மூணையும் கழட்டுங்க!" என்று கத்தியது.

"என் பானையிலே கை வெச்சா நடக்கிறதே வேற!" என்று கரடி உறுமியது. நீர்நாய் தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதது. குருவி கோபித்துக்கொண்டு கூட்டுக்குள் போய்விட்டது.

மொச்சைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "யாருக்கும் மனக்குறை வேண்டாம்! எல்லாத்தையும் சரிபாதியா வெட்டிடுவோம்!" என்று தீர்ப்புச் சொன்னது.

அப்படியே வெட்டினார்கள். பாதிப் பானை, பாதித் தொட்டி, பாதிக் கூடு. பாரபட்சம் கூடாதல்லவா? குழலையும் நெடுக்காகப் பிளந்தார்கள், கண்ணாடியையும் இரண்டாக்கினார்கள்! "இதுதான் நியாயம்!" என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

கழுகு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது. மொச்சை கீழே எட்டி எட்டிக் குதித்தது. "தம்பி தெரியறானா? இளைச்சிருக்கானா?"

"தம்பியா? நிலாவே தெரியலை! கண்ணெல்லாம் தேன்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

தங்கள் பொருள் மேலே போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் கரடியும் மற்றவர்களும் ஆட்டம் போட்டார்கள். மொச்சை மட்டும் தேம்பித் தேம்பி அழுதது. "மன்னிச்சுடுடா தம்பி! உன்னைப் பார்க்கத்தானே இத்தனையும் ஆரம்பிச்சேன்!"

எல்லோர் மனமும் குளிர வேண்டுமென்று எதற்கும் தலையாட்டும் தலைவர், எடுத்த காரியத்தைக் கோட்டைவிடுவார்.