இடம் விடு, அழி

"அவனுக்கு நான் எதுல குறைஞ்சுபோயிட்டேன், டீச்சர்?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார் தனபாலன்.

கோலார் தங்கவயலில் எஸ்தர் டீச்சர் கன்னடத் தட்டச்சுப் பள்ளி நடத்துகிறார். தனபாலன் அவரிடம் விரல் பழகியவர். வயதில் அவரைவிட ஆறு வருடம் மூத்தவர். கணினியில் கன்னடம் எழுத ஒரு மென்பொருள் செய்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தவர்.

இப்போது எல்லோரும் மல்லப்பாவின் மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள்.

"நீங்களும் மாறிட்டீங்களாமே?"

"ஆமா."

"எந்த விசையில எந்த எழுத்துன்னு ராப்பகலா உட்கார்ந்து யோசிச்சவன் நான். அதை அப்படியே எடுத்துக்கிட்டான். மாலை மட்டும் அவன் கழுத்துல. நேத்து டிவியில காட்டினாங்க. நான் சாப்பிடாமப் படுத்துட்டேன்."

"பசிக்கலையா?"

"வயிறுதான் எரிஞ்சுது."

"புகாரை எழுதிக் கொடுங்க. வாயால சொன்னா நான் வாங்கறதில்ல." டீச்சர் மூலைக் கணினியைக் காட்டினார். "கன்னடத்துல."

தனபாலன் உட்கார்ந்தார். டீச்சர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். யார் தட்டச்சு செய்தாலும் அவர் பார்ப்பதில்லை. கேட்பார்.

ஒரு பக்கம் முழுக்க மல்லப்பா.

"முடிஞ்சுது."

"நாப்பத்தோரு தடவை இடம் விட்டு அழிச்சீங்க. எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே! கன்னடத்துல இரட்டிக்கிற எழுத்து முதல் எழுத்துக்குக் கீழே போய் உட்காரணும். தானா உட்காராது. ஒரு இடம் விட்டு, அதை அழிச்சாத்தான் உட்காரும். நீங்களே அதைப் பாடமா நடத்தினீங்க."

"பதினோரு வருஷம் நடத்தினேன். உங்க மென்பொருள்ல."

"அப்போ இது?"

"மல்லப்பாவோடது."

சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார் தனபாலன்.

பிறகு ஒற்றை விரலால், அந்தப் பெயரை மட்டும் அடித்தார். இடம் விடவில்லை. அழிக்கவில்லை.

ல-வுக்குக் கீழே இன்னொரு ல போய் உட்கார்ந்தது. ப-வுக்குக் கீழே இன்னொரு ப.

மறுபடி அடித்தார். மறுபடி உட்கார்ந்தது.

"புகாரை அனுப்பிடலாமா?" டீச்சர் இன்னும் திரும்பவில்லை.

மல்லப்பா, மல்லப்பா என்று விசைகள் மட்டும் கேட்டன.

அப்புறம் அதுவும் நின்றது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"இதை எப்படிச் செஞ்சாரு அவரு?"