பிடி இல்லாத கதவு

காட்டு பங்களாவின் வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று சிவப்பு, கூரையே இல்லாத, அறுபது வயதான பந்தயக் கார். மற்றது கறுப்பு, போன மாதம் வாங்கிய அதிவேகக் கார். அவற்றின் சொந்தக்காரர்களான நண்பர்கள் இருவரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிவப்புக் காரின் சூடான மூக்கின் மேல் ஓர் ஓணான் படுத்திருந்தது. கறுப்புக் காரின் பளபளப்பில் தன் தோகையைப் பார்த்தபடி ஒரு மயில் நின்றது.

"என் சிவப்பி உறுமினால் மலையே திரும்பிப் பார்க்கும்!" என்றது ஓணான். "உன்னுடையது பூனைபோல் வருகிறது. அதெல்லாம் ஒரு வண்டியா?"

"உறுமியதையும் கேட்டேன், ஏற்றத்தில் நின்று இருமியதையும் கேட்டேன்!" என்றது மயில். "இது மூன்றே நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் தொடும், தெரியுமா?"

"தொட்டு? அடுத்த வளைவில் யானை நிற்கும்!"

அப்போது ஒரு மந்தி அலறிக்கொண்டு ஓடிவந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியே அதன் குட்டி கறுப்புக் காருக்குள் தாவியிருந்தது. அது தெரியாமல் சொந்தக்காரர் பங்களாவுக்குள்ளிருந்தே சாவியிலுள்ள பூட்டும் பொத்தானை அமுக்க, கண்ணாடிகள் தாமாக ஏறிக்கொண்டன. உச்சி வெயில். உள்ளே குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தமே வெளியே வரவில்லை.

"மயிலண்ணே, இதை எப்படித் திறப்பது? கதவில் பிடியே காணோமே!"

"காற்று தடுக்கக் கூடாதென்று பிடியை உள்ளே ஒளித்திருக்கிறார்கள். என்ன நுட்பம் பார்!"

"என் காரில் இப்படி நடக்குமா?" என்றது ஓணான். "நுழைந்த வழியே தாவி வந்துவிடலாம்."

"மழை வந்தால் நீந்தியும் வரலாம்!" என்றது மயில்.

"ஐயோ, அப்புறம் சண்டை போடுங்கள்! உள்ளே என் பிள்ளை வேகிறது!"

"பழையதுதான் உயர்ந்தது என்று முதலில் சொல். பிறகு வழி சொல்கிறேன்," என்றது ஓணான்.

"சரி, பழையதுதான் உயர்ந்தது!"

மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "அப்படியானால் அந்தப் பழையதிடமே போய்க் கேள்."

"சரி சாமி, புதியதுதான் உயர்ந்தது! இப்போதாவது சொல்லித் தொலையுங்கள்!"

ஓணான் தலையை ஆட்டியது. மயில் கழுத்தை நீட்டியது. பிறகு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இரண்டுக்குமே தெரியாது.

மந்திக்கு அழுகைகூட வரவில்லை. கறுப்புக் காரின் மேல் ஏறி, பலமெல்லாம் திரட்டிக் குதித்தது. ஒருமுறை. இருமுறை. மூன்றாம் முறை கார் வீல் வீலென்று அலறியது. சொந்தக்காரர் சோற்றுக் கையோடு ஓடிவந்து கதவைத் திறந்தார். குட்டி பாய்ந்து வந்து தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. அதன் மூச்சு காய்ந்த சருகுபோல் சரசரத்தது.

"கேட்டாயா என் காரின் குரலை!" என்றது மயில்.

"அதுவும் ஒரு குரலா? என் சிவப்பி இருக்கிறாளே..." என்று தொடங்கியது ஓணான்.

மந்தி ஒரு கையால் குட்டியை அணைத்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டது. "நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள்!" என்று சொல்லிவிட்டு மரமேறியது.

எது உயர்ந்தது என்று வாதாடுகிறவர்களிடம் வழி கேட்டு நின்றால், கதவுக்குள் இருக்கும் உயிர்தான் போகும்.